கள், சாராயம், ரம்: கேரள எல்லைப்புற மதுச்சொற்களும் மொழிபெயர்ப்பும் – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

மதுவகைகளைக் குறிக்கும் சொற்கள் தமிழில் தொன்றுதொட்டு மிகுதியாக உள்ளன. கள், தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி எனச் சங்க இலக்கியத்தில் வழங்கும் பெயர்கள் பல. இவை ஒரே பொருளின் மாற்றுப்பெயர்கள் அல்ல. தோப்பி நெல்லிலிருந்து இல்லத்தில் ஆக்கப்பட்டது, தேறல் தெளிந்தது, பிழி பிழிந்து எடுக்கப்பட்டது. மூலப்பொருளையோ செய்முறையையோ சுட்டும் தன்மை இச்சொற்களில் பலவற்றுக்கு உண்டு. இக்காலத் தமிழ் உரைநடையிலோ, குறிப்பாக வரலாற்று நூல்கள், சட்டங்கள், செய்திகள் ஆகியவற்றின் மொழிபெயர்ப்பில், இவ்வேறுபாடுகள் மங்கி 'மது', 'சாராயம்' என்னும் இரு சொற்களுக்குள் பெரும்பாலான வகைகள் அடக்கப்படுகின்றன.

இவ்வழக்கினால் விளையும் குறை நடையழகு பற்றியது மட்டுமன்று. யார் உற்பத்தி செய்தார், யார் வரி தண்டினார், யார் குற்றவாளி எனப்பட்டார், யார் இறந்தார் என்னும் செய்திகள் இச்சொற்களிலேயே பொதிந்துள்ளன. சொல்லைப் பொதுமைப்படுத்தும்போது அச்செய்திகள் மறைந்துவிடுகின்றன. இக்கருத்தை நிறுவுவதற்குப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டமும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு பகுதிகளும் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவை தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் நிலப்பகுதிகள். அன்றியும், 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புக்கு முன் இவை ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை அல்ல. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்தது; சித்தூர் கொச்சி அரசுக்கும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் அரசுக்கும் உரியனவாக இருந்தன. எனவே ஒரே பொருளுக்கு வெவ்வேறு சட்டங்கள் இட்ட வெவ்வேறு பெயர்களை இங்குக் காணலாகிறது.

2. கடற்கரை தந்த சொற்கள்

எல்லைப்புற மலைநிலத்தின் மதுச்சொற்களை ஆராயப் புகுவோர் கடற்கரையிலிருந்தே தொடங்க வேண்டும். மேலைக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் பண்டைக்காலம் முதல் வாயிலாக இருந்துள்ளது. கோவை வட்டாரத்தில் கிடைத்த உரோமானியக் காசுப் புதையல்கள் அவ்வழியின் சிறப்பைக் காட்டும். பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளிலும், கீழைக் கரையில் அரிக்கமேட்டிலும் கிடைத்த ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகள் மேலைநாட்டு மது கடல்வழி வந்தமைக்குச் சான்றாகின்றன. புறநானூற்றின் 56ஆம் பாடல் யவனர் கொணர்ந்த மதுவைப் பேசுகிறது. அப்பாடலைப் பாடிய நக்கீரர் அயல்நாட்டு மதுவைத் 'தேறல்' என்னும் தமிழ்ச்சொல்லாலேயே குறித்தார் என்பது மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ளத்தக்கது. அயலிலிருந்து வந்த பொருளுக்கு அதன் தன்மை நோக்கித் தம் மொழிப்பெயர் வழங்கும் முறை அது.

கி.பி. 849ஐச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் அடுத்த சான்று. வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் கொல்லம் துறைமுகத்தில் அமைந்த கிறித்தவப் பள்ளிக்கு வழங்கிய உரிமைகளை வட்டெழுத்தில் கூறும் இச்செப்பேடுகளில் பஹ்லவி, கூஃபிக், எபிரேய எழுத்துகளிலும் சான்றொப்பங்கள் உள்ளன. ஈழவர் குடிகள் பள்ளிக்கு உரிமையாக்கப்பட்டதையும், ஏணிக்காணம் முதலிய இறைகளையும் இச்செப்பேடுகள் குறிப்பிடுகின்றன. ஏணிக்காணம் என்பது மரமேறும் ஏணிக்குரிய வரி என அறிஞர் கொள்வர். பல்லவர், சோழர் கால ஆவணங்களில் வரும் 'ஈழப்பூட்சி'யும் கள் இறக்குவோர் செலுத்திய இறையே. இப்பெயர்கள் வரி தண்டியவர் இட்ட பெயர்களாயினும், தொழில் செய்வோரின் கருவியும் குடியும் அவற்றில் இடம்பெற்றுள்ளன.

வடித்திறக்கும் மது பரவிய பிற்காலத்தில் நிலைமை மாறுகிறது. அரபு மொழியில் வியர்வையைக் குறித்த 'அரக்' என்னும் சொல், துளித்துளியாக வடியும் மதுவுக்குப் பெயராகிக் கடல்வணிகத்தோடு பரவியது. ஆங்கிலத்தின் 'அர்ரக்', சிங்களத்தின் 'அரக்கு', மலையாளப் பேச்சுவழக்கின் 'றாக்கு' யாவும் அதன் வழிவந்தவை. தமிழில் 'அரக்கு' என்பது முத்திரையிடும் மெழுகுப்பொருளுக்கு ஏற்கெனவே பெயராக இருந்தமையாலோ என்னவோ, இவ்வழக்கு நிலைபெறாமல் 'சாராயம்' என்பதே வேரூன்றிற்று. இலங்கைத் தமிழில் சாராயம் என்றால் முதற்கண் தென்னங்கள்ளிலிருந்து வடித்ததையே குறிக்கும். தமிழ்நாட்டிலோ வேலம்பட்டையும் வெல்லமும் ஊறவைத்துக் காய்ச்சிய பட்டைச்சாராயமே நெடுங்காலம் அச்சொல்லின் பொருளாக இருந்தது. இலங்கை வரலாற்று நூலொன்றைத் தமிழ்நாட்டு வாசகருக்கு மொழிபெயர்ப்பவர் இவ்வேறுபாட்டைச் சுட்டாது விடின் பொருள் திரிபடையும்.

இத்திரிபு எவ்வளவு முதன்மையானது என்பதை இலங்கைச் சான்றே விளக்கும். தென்மேற்குக் கடற்கரையில் வடிக்கப்பட்ட தென்னஞ்சாராயத்தின் விற்பனை உரிமையை ஆங்கில அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. அக்குத்தகையால் மொறட்டுவை, பாணந்துறை முதலிய கரையோர ஊர்களைச் சேர்ந்த கராவ சமூகத்தார் சிலர் பெருஞ்செல்வர் ஆயினர் என்பதை மைக்கேல் ராபர்ட்ஸ் (1982), குமாரி ஜயவர்தன (2000) ஆகியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கரையில் வடித்த சரக்கு மலையகத் தோட்டங்களுக்கு ஏறியது. அதை வாங்கிக் குடித்தவருள் தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். கடற்கரைச் சமூகம் ஒன்றின் முதலீட்டு வரலாறும் மலைத்தோட்டத் தொழிலாளரின் கூலி வரலாறும் 'சாராயம்' என்னும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன. இதனை 'மது வணிகம்' என்று பொதுவாக மொழிபெயர்த்தால் தென்னையும் குத்தகையும் கரையும் மலையும் ஒருசேர மறைகின்றன.

3. ரம்: பெயர்க்கப்படாத சொல்

ரம் 17ஆம் நூற்றாண்டில் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கரின் உழைப்பில் பிறந்த மது. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகே அதன் மூலப்பொருள். ஆங்கிலக் கடற்படை அதனை நாட்படியாக வழங்கியது. அவ்வழக்கம் 1970இல்தான் நிறுத்தப்பட்டது. இந்தியாவுக்கு அது படைவீரரின் பானமாக வந்தது. தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் 1842இல் தொடங்கிய சர்க்கரைத் தொழிலும், பின்னர் அதனோடு இணைந்த வடிசாலையும் தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் கரும்பும் வடிமதுவும் ஒருங்கே வளர்ந்தமைக்கு எடுத்துக்காட்டு.

மக்கள் வழக்கு இவ்வகை மதுவைச் 'சீமைச்சாராயம்' என்றது. இப்பெயர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. சாராயம் என்னும் வகைப்பெயரோடு சீமை என்னும் அடையைச் சேர்த்ததால், பொருள் ஒன்றே, வந்த வழியே வேறு என்னும் தெளிவு அதில் உண்டு. அலுவல் வழக்கு இதனைக் கைவிட்டு 'அயல்நாட்டு மது' என்றும், பின்னர் உள்நாட்டு வடிசாலைகள் பெருகியதும் 'இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுவகை' என்றும் பெயரிட்டது. இந்தியாவில் செய்ததை அயல்நாட்டினது என்னும் இம்முரண் ஆங்கிலத் தொடரிலேயே உள்ளது. தமிழாக்கம் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டது.

கேரளத்தில் மிகுதியாக விற்பனையாகும் ரம் வகைகளுள் ஒன்றான 'ஜவான்' திருவல்லாவில் அரசுடைமையான திருவிதாங்கூர் சர்க்கரை மற்றும் வேதிப்பொருள் நிறுவனத்தில் ஆக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய எரிசாராயம் மாநிலத்திற்கு வெளியிலிருந்து தாங்கி வண்டிகளில் வருவது. 'ஸ்பிரிட்' என்று மலையாளச் செய்தித்தாள்கள் எழுதுவதைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் 'எரிசாராயம்' என்று எழுதுகின்றன. வாளையாறு வழியாகக் கடத்தப்பட்டுப் பிடிபடும் பொருளின் பெயராகவே வாசகர் இச்சொல்லை அறிவர். ஆயினும் ரம்முக்கும் சாராயத்துக்கும் உள்ள உறவை வெளிப்படையாகக் காட்டும் கலைச்சொல் இதுவே எனலாம். பொட்டலமிடப்பட்ட ரம்மின் மூலப்பொருளும் ஒருவகைச் சாராயமே என்பதை இச்சொல் ஒளிக்கவில்லை. நல்ல கலைச்சொல்லுக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

4. சட்டத்தின் பெயரிடல்

கேரளத்தில் இன்று நடப்பிலுள்ள ஆப்காரிச் சட்டம், கொச்சி அரசின் கொல்லம் ஆண்டு 1077ஆம் ஆண்டுச் சட்டமே. அது 1967இல் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. அதாவது, சித்தூரை ஆண்ட சிற்றரசின் சொல்வரையறைகளே இன்று பாலக்காட்டையும் இடுக்கியையும் ஆள்கின்றன. அவற்றுள் இரண்டு வரையறைகள் மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கன.

முதலாவது, ஆங்கிலத்தில் 'டாடி' எனப்படுவது. தென்னை, பனை, ஈச்சை முதலிய மரங்களிலிருந்து இறக்கப்படும் சாறு, புளித்ததாயினும் புளியாததாயினும் அப்பெயர்க்கு உரியது என்கிறது சட்டம். இதனைக் 'கள்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் தமிழில் புளியாத சாறு கள் ஆகாது. அது பொதுவழக்கில் பதநீர். கொங்கு வழக்கில் தெளுவு. கன்னியாகுமரி வழக்கில் அக்கானி. யாழ்ப்பாண வழக்கில் கருப்பநீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதும் தடவாதிருப்பதுமே இவ்விரண்டையும் பிரிக்கும் செயல். மக்கள் மொழி இரண்டாகப் பகுத்ததைச் சட்டம் ஒன்றாக்கியது. மொழிபெயர்ப்பு அவ்வொன்றை மீண்டும் 'கள்' என்று எழுதியதால், குழந்தையும் குடிக்கும் தெளுவு போதைப்பொருளின் பெயரைப் பெற்றுவிட்டது. 2014இல் கேரள அரசு புளியாத சாற்றுக்குத் தனி விதிகளை வகுத்தபோது 'நீரா' என்னும் வடநாட்டு வழக்குச்சொல்லை மேற்கொண்டது. எல்லைப்புறத்தில் வாழ்ந்துவந்த சொல் அப்போதும் கருதப்படவில்லை.

இரண்டாவது, 'அர்ரக்' என்பதன் வரையறை. கள், பீர், திராட்சை மது, இந்தியத் தயாரிப்பு வடிமது, அயல்நாட்டு மது, மருந்துவகை ஆகியவை நீங்கலாகக் குடித்தற்குரிய மது எதுவும் அர்ரக் என்பது சட்டத்தின் கூற்று. இன்னது என்று கூறாமல், இன்னவை அல்லாதது என்று கழித்துப் பெறும் வரையறை இது. மூலப்பொருள், செய்முறை, செறிவு ஆகிய எதுவும் இதில் இல்லை. உரிமப் பட்டியலில் இடம்பெறாததே சாராயம். 1996 ஏப்ரல் 1 முதல் கேரளத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது; அதனை ஆக்குவோருக்கும் வைத்திருப்போருக்கும் பத்தாண்டு வரை சிறையும் ஓரிலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கலாம். கழிவுப்பாகிலிருந்து வடித்து நிறமூட்டி முத்திரையிட்ட குப்பி அரசுக் கடையில் ரம். வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சிக் குடத்தில் வைத்தது சாராயம். கரும்புச் சாற்றின் வழிவந்த இரண்டிற்கும் இடையே பத்தாண்டுச் சிறைத்தண்டனை நிற்கிறது. நக்கீரர் அயலார் மதுவுக்குத் தமிழ்ப்பெயர் தந்தார்; இன்றைய சட்டமோ உள்நாட்டு மதுவுக்கு அயற்பெயர் தந்து காக்கிறது.

இங்குச் சட்டத்தின் கொள்கை சரியா தவறா என்பது நம் ஆய்வுக்குப் புறம்பானது. 'அர்ரக்' என்னும் சட்டச்சொல்லைச் 'சாராயம்' என்று மொழிபெயர்க்கும்போது, மக்கள் வழக்கில் ஒரு பொருளின் பெயராக உள்ள சொல் ஒரு குற்றத்தின் பெயராக மாறுகிறது என்பதே நாம் சுட்டுவது. சட்டத் தமிழாக்கத்தில் 'உரிமப் பட்டியலில் அடங்காத வடிமது' என்பது போன்ற விளக்கத் தொடரே நேர்மையானதாகும்.

எல்லை இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்குகிறது. சேலத்தில் 1937இலும் சென்னை மாகாணம் முழுமையிலும் 1948இலும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, தமிழ்நாட்டில் 1971இல் தளர்த்தப்பட்டது. பின்னர் 1987 சனவரி 1 முதல் அங்குக் கள் தடைசெய்யப்பட்டு இன்றளவும் தடை நீடிக்கிறது. சித்தூர் வட்டத்திலோ கள் உரிமம் பெற்ற தொழில்; கேரளத்தின் பிற மாவட்டக் கடைகளுக்குக் கள் பெருமளவில் செல்வது அவ்வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்தே. கோபாலபுரம், வேலந்தாவளம் சாவடிகளுக்கு இப்பாலும் அப்பாலும் மரம் ஒன்றே. பாளை சீவும் முறையும் ஒன்றே. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பில் குற்றமாவது சித்தூர்த் தோப்பில் கூலியாகிறது. இரு மாநில ஆவணங்களையும் மொழிபெயர்ப்பவர் 'கள் இறக்குதல்' என்னும் ஒரே தொடரை இரண்டிடத்தும் எழுதும்போது, எந்நிலத்துச் சட்டம், எவ்வாண்டு என்பதைச் சேர்த்துக் கூறல் இன்றியமையாதது.

5. மலையாளம் – தமிழ்: போலி இணைச்சொற்கள்

இருமொழிகளும் நெருங்கிய உறவுடையன ஆதலால் மொழிபெயர்ப்பாளர் எளிதில் ஏமாறும் இடங்கள் இத்துறையில் பல. சிலவற்றை மட்டும் காண்போம்.

(அ) கள்ளு: மலையாளப் பேச்சில் 'கள்ளு குடிக்குக' என்பது எவ்வகை மதுவைக் குடிப்பதையும் குறிக்கும். தமிழில் கள் மரச்சாற்று மதுவை மட்டுமே குறிக்கும். ரம் குடித்துவிட்டு வந்த கதைமாந்தனை 'கள் குடித்தான்' என்று பெயர்ப்பது பிழை. 'குடித்துவிட்டு வந்தான்' என்பதே பொருந்தும். மாறாக, அந்திக்கள்ளு, மதுரக்கள்ளு என அடையொடு வரும் இடங்களில் அச்சொல் தன் சிறப்புப் பொருளையே கொள்ளும்.

(ஆ) செத்து: பாளை சீவிக் கள் இறக்கும் தொழில். தமிழில் 'செத்து' என்பது இறந்து என்னும் பொருளில் முதலில் ஒலிப்பதால், 'செத்துத் தொழிலாளி' என எழுத்துப்பெயர்த்தல் நகைப்புக்கிடமாகும். செதுக்குதல் என்னும் பொருளுடைய 'செத்துதல்' தமிழிலும் உண்டெனினும், 'சீவுதல்' என்பதே இன்று வழக்கிலுள்ளது. மரமேறி, பனையேறி என்பன தொழிலோரைச் சுட்டும் பெயர்கள். அவை சாதிப்பெயராகவும் ஆளப்பட்டமையால் இடமறிந்து கையாள வேண்டும்.

(இ) கோட: இடுக்கி மலைகளில் இச்சொல்லுக்கு மூடுபனி என்பது ஒரு பொருள், சாராயம் காய்ச்சுவதற்கு ஊறவைத்த கலவை என்பது மற்றொரு பொருள். பின்னதற்குத் தமிழ் 'ஊறல்'. கலால் துறையினர் காட்டில் கோட கண்டெடுத்தனர் என்னும் செய்தியில் பனி புகுந்துவிடலாகாது.

(ஈ) வாற்று: வடித்தல். 'வாற்றுச்சாராயம்' என்பதைக் 'காய்ச்சிய சாராயம்' என்றே தமிழாக்கலாம். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள்வழி வந்து இம்மலைத் தோட்டங்களில் குடியேறிய தொழிலாளரின் மரபில் காய்ச்சுதல், ஊறல், பட்டை என்னும் சொற்கள் உண்டு. மலையாளத்தின் வாற்று, கோட, ஷாப்பு என்பன அவற்றோடு வந்து கலந்தன. எவ்விடத்தில் எச்சொல் ஆளப்படுகிறது என்பதைப் பேசுவோரின் தலைமுறை நோக்கிப் பதிவுசெய்வது எல்லைப்புறக் கள ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணி.

விற்பனையிடப் பெயர்களும் இவ்வகையில் ஆராயத்தக்கன. இலங்கைத் தமிழில் 'தவறணை' ஐரோப்பியர் ஆட்சியின் எச்சம். கேரளத்தின் 'ஷாப்பு' ஆங்கில ஏலமுறையின் எச்சம். தமிழ்நாட்டில் 1983இல் நிறுவப்பட்ட கழகத்தின் சுருக்கப்பெயராகிய 'டாஸ்மாக்' இன்று பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. 'ஆப்காரி' பாரசீகத்தில் நீர்த்தொழில் என்னும் பொருளது. 'கலால்' வடநாட்டில் மது வடித்து விற்ற சமூகத்தாரின் பெயர். ஈழப்பூட்சியில் ஈழவர் இருந்தது போலவே கலால் வரியிலும் ஒரு சமூகத்தின் பெயர் உறைந்துள்ளது. இவற்றையெல்லாம் 'மதுக்கடை', 'மதுவரி' எனச் சமன்செய்வது எளிது. ஆனால் வரலாற்று நூலின் மொழிபெயர்ப்பில் அது இழப்பாகும்.

6. சாவுக்கு இடும் பெயர்

இச்சொல்லாய்வு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்குச் சான்று நச்சுமதுச் சாவுகளைப் பற்றிய செய்திமொழி. 1982 ஓணத்தின்போது கொச்சியை அடுத்த வைப்பின் தீவில், கடற்கரை மக்களிடையே, எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; பலர் பார்வை இழந்தனர். அவர்கள் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். அது விற்கப்பட்டது உரிமம் பெற்ற கடைகளில். இந்நிகழ்ச்சியை மலையாளம் 'மத்யதுரந்தம்' என்கிறது. தமிழில் இதனைக் 'கள்ளச்சாராயச் சாவு' என்று பெயர்ப்பது உண்மைக்கு மாறானது. கள்ளம் என்னும் அடை உரிமமின்மையைக் குறிக்கிறது. உரிமம் தந்த அரசின் பொறுப்பும், உரிமம் பெற்றவரின் பொறுப்பும் அவ்வோர் அடையால் நீங்கிவிடுகின்றன.

2023 மே மாதத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் முதலில் எழுந்த பெயர் கள்ளச்சாராயமே. அது ஊரில் காய்ச்சியது அன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல்துறை பின்னர் அறிவித்தது. 'விஷச்சாராயம்' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததற்கும் மெத்தனாலே காரணம். மெத்தனால் சாராயம் அன்று. எந்த ஊறலிலிருந்தும் எளிய மக்கள் அதனை அவ்வளவில் வடித்துவிட இயலாது. அது ஆலையிலிருந்தே வரும். 'சாராயம்' என்னும் சொல் வந்தவுடன் வாசகர் மனம் காட்டையும் பானையையும் காய்ச்சும் ஏழையையும் நாடுகிறது. ஆலை, கிடங்கு, போக்குவரத்து ஆகியன பார்வையிலிருந்து விலகுகின்றன.

மலையாளத்தின் 'வியாஜமத்யம்' என்னும் தொடருக்கும் இங்கு ஒரு குறிப்பு வேண்டும். வியாஜம் என்பது போலி. கள்ளம் என்பது மறைவு. முன்னது பொருளின் தன்மையைச் சுட்டுகிறது. பின்னது விற்பனையின் முறையைச் சுட்டுகிறது. ஒன்றற்கு மற்றொன்றை நிகராக வைப்பதற்குமுன் மூலச்செய்தி எதனைக் கூறுகிறது என்று மொழிபெயர்ப்பாளர் நோக்குதல் வேண்டும்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. மக்கள் வழக்கின் மதுச்சொற்கள் பெரும்பாலும் மூலப்பொருளையும் செய்முறையையும் கொண்டு அமைந்தவை. சட்டத்தின் சொற்கள் உரிமத்தையும் வரியையும் கொண்டு அமைந்தவை. இவ்விரு தொகுதிகளையும் ஒன்றற்கொன்று நிகராக வைத்தல் பொருந்தாது.

2. அகராதிகளில் சாராயம், கள் ஆகிய தலைச்சொற்களின்கீழ் இலங்கை, தமிழ்நாடு, கேரள எல்லை ஆகிய வழக்குகள் தனித்தனியே காட்டப்பட வேண்டும். தெளுவு, அக்கானி, கருப்பநீர் என்பன வட்டார வழக்கு என ஒதுக்கப்படாமல் கலைச்சொல் தகுதி பெறுதல் வேண்டும்.

3. எரிசாராயம், சீமைச்சாராயம், ஊறல் போன்ற சொற்கள் மொழிபெயர்ப்பில் மீட்டெடுத்து ஆளத்தக்கவை.

4. 'கள்ள' என்னும் அடை, உரிமமின்மை உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டுமே சேர்க்கப்பட வேண்டும். நஞ்சின் பெயர் தெரிந்தவிடத்து அதன் பெயரையே எழுதுதல் தகும்.

இவற்றுள் நான்காவது உடனடியாகக் கடைப்பிடிக்க இயல்வது. புதுச்சொல் எதையும் அது வேண்டவில்லை. வைப்பினிலும் எக்கியார்குப்பத்திலும் இறந்தோரைப் பற்றி நாம் எழுதும் ஒரு சொல், அவர்களுடைய சாவுக்குப் பொறுப்பானவர் யார் என்பதையும் கூறிவிடுகிறது. அச்சொல்லைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு.